மார்ச் மாதக் கணக்கு

மரிபோரில், திராவா நதிக்கு முதுகு காட்டி நிற்கும் பதிப்பகத்தில்
எனக்கு ஒரு மேஜை, ஒரு கால்குலேட்டர்,
திறந்தால் மூடாத ஒரு ஜன்னல்.
எழுத்தாளர்களை நான் முகத்தால் அறிவது குறைவு.
வங்கிக் கணக்கின் கடைசி நான்கு எண்கள் போதும்.

விங்கோ ட்ரோஸ்க்: எட்டு எட்டு ஒன்று ஆறு.
பதினொரு கொலைகள் செய்தவர், எல்லாம் காகிதத்தில்.
இரவில் ஆறாம் எண் பேருந்து ஓட்டுகிறார்.
வீடு திரும்ப நானும் அதில்தான் ஏறுகிறேன்,
நான் யாரென்று அவருக்குத் தெரியாது.
முதல் நாவலின் பணம் மனைவி கணக்குக்குப் போனது,
மூன்றாவதிலிருந்து தன் கணக்குக்கு.
இடையில் நடந்தது இரண்டாவதில் இருக்கலாம்.
படிக்கவில்லை.

நேஜிகா ப்ளோல், உருளைக்கிழங்கை நாற்பது விதமாகச் சமைக்கச் சொல்லி
ஒரே ஒரு புத்தகம் போட்டார், முப்பது வருடம் முன்பு.
இந்தக் கட்டடத்தின் கூரையே அவர் வேய்ந்தது என்பார் முதலாளி.
மார்ச் தோறும் கடிதம் வரும்:
"தொகை அதிகமாகத் தெரிகிறது, மறுபடி கூட்டிப் பாருங்கள்."
கூட்டிப் பார்க்கிறேன்.
அதிகம்தான். சரிதான்.

கவிஞர் துகோமிருக்கு இரண்டு யூரோ பதினொரு சென்ட்.
அதை அனுப்ப வங்கி கேட்பது மூன்று யூரோ.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
ஆகவே அவரே ரயிலேறி வருவார் ஓர்மோஸிலிருந்து,
தேனீப் பெட்டிகளை விட்டுவிட்டு,
கழுத்துவரை கோட்டுப் பொத்தான் போட்டு.
கையெழுத்திட்டு, எண்ணி வாங்கி, கீழே இறங்கிப் போய்
எனக்கும் சேர்த்துக் காபி வாங்கி வருவார்.
மேற்கொண்டு கைக்காசு போட்டுத்தான்.
விற்றது மூன்று பிரதி என்றேன் ஒருமுறை.
"யார் யார்?" என்றார்,
ஆளில்லாத நேரத்தில் வீட்டுக்கு வந்துபோன
விருந்தாளிகளை விசாரிப்பதுபோல.

கிளாரா மே: காதல் கதைகள் இருபத்தாறு.
அட்டையில் எப்போதும் கடல்.
மூன்றாண்டுக்கு ஒருமுறை வரித்துறையிலிருந்து ஒருவர் வந்து
எங்கள் பேரேட்டை வரிவரியாக விரலால் தடவுவார்.
கிளாராவின் வரியில் மட்டும் விரல் நிற்காது.
காது சிவக்கும்.
ஒரு சென்ட்கூட மறைத்தவரில்லை, சுத்தமான கணக்கு.
இருந்தாலும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இறந்தவர்களும் சம்பாதிக்கிறார்கள்.
ஒருவருடைய பதினான்கு யூரோவை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால்
இரண்டு சென்ட் மிஞ்சும்.
அந்த இரண்டு சென்ட்டுக்கு ஒரு வக்கீல் கடிதம் இருக்கிறது கோப்பில்.

பிறகு, ஸார்யா.
எண்ணூறு அச்சிட்டோம், அறுநூற்றுப் பன்னிரண்டு திரும்பி வந்தன.
முன்பணத்தைக் கழித்தால் அவள் பெயருக்கு எதிரே
நாற்பத்தொரு யூரோ,
அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.
கழித்தல் குறியை நாங்கள் யாரிடமும் வசூலித்ததில்லை.
படிவம் மட்டும் தானாகப் போய்விடுகிறது.

ஏப்ரலில் ஓர் உறை, கோப்பர் துறைமுக முத்திரையோடு.
இரண்டு இருபது யூரோ நோட்டு, ஒரு நாணயம்.
நோட்டில் கிரீஸ் படிந்த கட்டைவிரல்.
"கிரேன் ஓட்டுகிறேன். சம்பளம் பரவாயில்லை.
கடன் வைக்க மனமில்லை."
அனுப்புநர் முகவரி இல்லை.

வரவா, செலவா?
இதை எழுத என் பேரேட்டில் பத்தி இல்லை.
உறை இழுப்பறையில் கிடக்கிறது, ஸ்டேப்ளருக்கு அடியில்.

கிடங்குக்கு இறங்கி,
திரும்பி வந்த அடுக்கிலிருந்து ஒன்றை உருவினேன்.
விலை பதினேழு. என் பையிலிருந்து போட்டேன்.
அன்றிரவு ஆறாம் எண்ணில் முன்னிருக்கை.
முதல் பக்கத்திலேயே ஒரு பெண்
மிக உயரத்திலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விங்கோ கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தார்,
அட்டை தன்னுடையதா என்று.
இல்லை.
பழைய பாலம் தாண்டியதும் உள்விளக்கை அணைப்பது அவர் வழக்கம்.
அன்று கடைசி நிறுத்தம்வரை
அணைக்கவில்லை.